விமானப் பாதுகாப்பில் அரசுத் துறைகளின் கூட்டுச் செயல்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலைய வாசலில் அடையாள அட்டையைச் சரிபார்ப்பவரும், கடவுச்சீட்டில் முத்திரை குத்துபவரும், வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து காட்டச் சொல்பவரும் ஒரே துறையின் அலுவலர்கள் என்றுதான் பயணிகளில் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த மூவரின் சீருடையும் வேறு, மேலதிகாரியும் வேறு, சம்பளம் வரும் வழியும் வேறு. இத்தனை துறைகள் ஒரே கூரையின் கீழ் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன, எங்கே தவறின, அந்தத் தவறுகளுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பவை பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, இந்திய அனுபவத்தை மையமாக வைத்து இங்கே விடை தரப்படுகிறது.

ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்பில் எந்தெந்தத் துறைகளுக்குப் பங்கு உண்டு?

சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் ஒரு பயணியைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஜி.எஸ்.டி. சாலையில் அவர் வரும்வரை பொறுப்பு மாநிலக் காவல் துறையுடையது. முனையத்தின் வாசலில் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பவர், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் காவலர். பெட்டியை வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ் கொடுப்பவர் விமான நிறுவனத்தின் ஊழியர். அந்தப் பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்தில் போகும்போது படத்தைப் பார்ப்பவர், அதற்கெனப் பயிற்சியும் சான்றும் பெற்ற சோதனையாளர். கடவுச்சீட்டைப் பார்க்கும் குடியுரிமை அதிகாரி மறுபடியும் உள்துறையின் கீழ் வருகிறார்; சுங்க அதிகாரியோ நிதி அமைச்சகத்தின் கீழ். உடல் சோதனையும் கைப்பைச் சோதனையும் மீண்டும் தொழில் பாதுகாப்புப் படையிடம். விமானம் மேலெழும்பியதும் அதற்கு வழிகாட்டுவது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய விமான நிலைய ஆணையம். அந்த விமானம் பாதை மாறினால் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள விமானப்படை.

இவற்றுக்கெல்லாம் விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். பி.சி.ஏ.எஸ். என்ற சுருக்கப் பெயரில் அறியப்படும் இந்தப் பணியகம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறது. திரைக்குப் பின்னால், அச்சுறுத்தல் பற்றிய தகவலைத் தருவது மத்திய உளவுப் பிரிவு. ஆகவே மத்திய அரசின் நான்கு அமைச்சகங்களும் ஒரு மாநில அரசும் சம்பந்தப்படாமல் ஒரே ஒரு விமானம்கூடப் பாதுகாப்பாகப் புறப்பட முடியாது.

எல்லாவற்றையும் ஒரே துறையிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீராதா?

தீராது. சட்டம் ஒழுங்கு நம் அரசமைப்பின்படி மாநிலப் பொருள்; விமான நிலைய மதிலுக்கு வெளியே நிற்கும் ஆளைப் பிடிக்க மாநிலக் காவல் துறை வேண்டும். கடத்தல் தங்கத்தைத் தேடுவதற்கான சட்டமும் பயிற்சியும் வேறு, வெடிபொருளைத் தேடுவதற்கானவை வேறு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விதியை வகுப்பவரும், அதைச் செயல்படுத்துபவரும், செயல்பாட்டைத் தணிக்கை செய்பவரும் ஒருவரே என்றாகிவிட்டால், தன் விடைத்தாளைத் தானே திருத்தும் நிலை வந்துவிடும். பி.சி.ஏ.எஸ். விதிகளை வகுத்துத் தணிக்கையும் செய்கிறது, தொழில் பாதுகாப்புப் படை அவற்றைச் செயல்படுத்துகிறது என்ற இப்போதைய பிரிவினை அந்த வகையில் நல்லதே.

அமெரிக்கா 2001 நவம்பரில் சட்டம் இயற்றி, விமான நிலையச் சோதனைக்கென்றே டி.எஸ்.ஏ. என்னும் தனி அமைப்பை உருவாக்கியது. அதன் பிறகும் சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ., வெளியுறவுத் துறை ஆகியவை தரும் தகவலைச் சார்ந்துதான் அந்த அமைப்பு இயங்க வேண்டியிருக்கிறது. துறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஒன்றாக்கிவிட முடியாது. எனவே ஒவ்வொரு நெருக்கடிக்கும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியவை மூன்று: யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். கீழே வரும் நிகழ்வுகள் பலவற்றிலும் இம்மூன்றில் ஏதோ ஒன்று எழுதப்படாமல் இருந்தது, அல்லது எழுதியது செயலுக்கு வரவில்லை.

பி.சி.ஏ.எஸ். எப்போது, எதற்காக உருவாக்கப்பட்டது?

1976 செப்டம்பர் 10 அன்று டெல்லியிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதையடுத்து அமைக்கப்பட்ட பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குள் ஒரு பிரிவாகப் பி.சி.ஏ.எஸ். தொடங்கப்பட்டது. 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் தகர்க்கப்பட்ட பிறகு, 1987 ஏப்ரல் 1 அன்று அது தனித் துறையாக்கப்பட்டது. அதற்குச் சட்டப்பூர்வமான தகுதி கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2020-இல் விமானச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமே அதைத் தந்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய வாயுயான் அதிநியமும் அதே தகுதியைத் தொடர்கிறது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. பணியகத்தின் தொடக்க வளர்ச்சியில் ஒவ்வொரு படியும் ஒரு பேரிடருக்குப் பின்னர்தான் எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

மீனம்பாக்கம் குண்டுவெடிப்பு இதில் ஏன் நினைவுகூரப்படுகிறது?

1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கொழும்பு செல்லும் ஏர்லங்கா விமானத்துக்காகப் பெட்டிகளைப் பதிவு செய்த ஒரு பயணி, தான் விமானம் ஏறவில்லை. இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்களில் ஒன்றான தமிழீழ இராணுவத்தின் சதி அது. கொழும்பில் வெடிக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டிருந்த குண்டு, விமானத்தில் ஏற்றப்படாமல் நிலையத்திலேயே நின்றுவிட்டது.

வெடிப்புக்கு முன்பே எச்சரிக்கைத் தொலைபேசி அழைப்புகள் வந்திருந்தன என்பதுதான் இந்தத் துயரத்தின் மையம். ஆளில்லாத பெட்டி ஒன்று நிலையத்துக்குள் இருக்கிறது. அதில் வெடிகுண்டு இருப்பதாக ஒரு குரல் சொல்கிறது. அந்தப் பெட்டியை யார் தொட வேண்டும், முனையத்தில் காத்திருப்பவர்களை யார் வெளியேற்ற வேண்டும், அழைப்பை நம்புவதா வேண்டாமா என்று யார் தீர்மானிக்க வேண்டும் ஆகிய மூன்றுக்கும் அந்த நேரத்தில் தெளிவான, உடனடியான விடை கிடைக்கவில்லை. பெட்டி திறந்தவெளிக்குக் கொண்டுபோகப்படவும் இல்லை, மக்கள் உரிய நேரத்தில் அகற்றப்படவும் இல்லை. கொழும்பு செல்லக் காத்திருந்த இலங்கைப் பயணிகள் பலர் அங்கேயே மாண்டார்கள். இன்றைய வெடிகுண்டு மிரட்டல் நடைமுறையில் உள்ள ஒவ்வொரு வரியையும் அந்த இரவோடு பொருத்திப் பார்க்க முடியும்.

கனிஷ்கா விமானத் தகர்ப்பில் துறைகளுக்கிடையே என்ன தவறு நடந்தது?

மீனம்பாக்கம் நிகழ்வுக்குப் பின் ஓராண்டுகூட நிறையவில்லை. 1985 ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வானிலேயே வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினரான கனடிய மக்கள். அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில், மற்றோர் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்து, பெட்டிகளைக் கையாளும் தொழிலாளர் இருவர் இறந்தனர்.

வான்கூவரில் ஒரு பயணி, தனக்கு அடுத்த விமானத்தில் இடம் உறுதியாகாத நிலையிலும், தன் பெட்டியை நேரே டெல்லி வரை அனுப்பும்படி கவுன்டரில் வற்புறுத்தினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் ஊழியர் இணங்கினார். பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. டொரான்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகி, கையில் பிடிக்கும் மோப்பக் கருவியைக் கொண்டு மீதிப் பெட்டிகள் சோதிக்கப்பட்டன.

இவை கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகள். கண்ணுக்குத் தெரியாதவற்றை, கனடிய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை விரிவாக எடுத்துவைத்தது. பெட்டிகளுக்குள் நேரம் குறித்த குண்டுகள் வைக்கப்படலாம் என்று 1985 ஜூன் 1 அன்று ஏர் இந்தியா அனுப்பிய எச்சரிக்கைத் தந்தி கனடியக் கூட்டாட்சிக் காவல் துறையின் கைக்கு வந்தது. அங்கிருந்து உளவு அமைப்புக்குப் போகவில்லை. உளவு அமைப்போ, சந்தேக நபர்களின் பேச்சைப் பதிவு செய்த ஒலிநாடாக்களைக் காவல் துறையின் விசாரணைக்குப் பத்திரப்படுத்தாமல் அழித்துவிட்டது. இரண்டு அமைப்புகளிடமும் பாதிப் பாதியாக இருந்த செய்தி, முழுமையாக ஒரே மேசைக்கு வந்து சேரவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்து அதை ஓர் அறிக்கையில் படித்த குடும்பங்களின் மனநிலையை நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது.

ஆளில்லாத பெட்டி விமானத்தில் ஏறுவது இப்போது எவ்வாறு தடுக்கப்படுகிறது?

செக்-இன் கவுன்டரில் உங்கள் பெட்டியில் ஒட்டப்படும் நீளமான சீட்டில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண் உங்கள் பெயரோடும் இருக்கையோடும் கணினியில் பிணைக்கப்படுகிறது. பெட்டி கன்வேயரில் உள்ளே போகும்போது எக்ஸ்ரே இயந்திரமே ஒரு முதல்நிலைத் தீர்ப்பைத் தருகிறது. ஐயம் எழுந்தால் படம் சோதனையாளரின் திரைக்கு வருகிறது. அவருக்கும் ஐயம் தீரவில்லை என்றால் பெட்டி தனியே ஒதுக்கப்பட்டு, உரியவர் முன்னிலையில் திறக்கப்படுகிறது. வெடிபொருள் என்ற ஐயம் வலுத்தால் யாரும் அதைத் தொடாமல் வெடிகுண்டு நிபுணர்கள் அழைக்கப்படுகிறார்கள்.

இதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம் வருகிறது. புறப்படும் நேரம் நெருங்கும்போது, ஏறிய பயணிகளின் பட்டியலும் ஏற்றப்பட்ட பெட்டிகளின் பட்டியலும் ஒப்பிடப்படுகின்றன. பெட்டியைப் பதிவு செய்துவிட்டு ஒருவர் ஏறாமலிருந்தால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்கியாக வேண்டும். அடுக்கிய பெட்டிகளை மறுபடியும் வெளியே எடுத்து, சீட்டின் எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த ஒரு பெட்டியைக் கண்டுபிடிக்கும்வரை தொழிலாளர்கள் வெயிலிலும் மழையிலும் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்று வேலை செய்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு அது இருபது நிமிடத் தாமதமாக மட்டுமே தெரியும். வான்கூவரில் அந்தப் பணி நடக்காததால் நேர்ந்ததை அறிந்தவர்கள் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

1999-இல் அமிர்தசரஸில் கடத்தப்பட்ட விமானத்தை ஏன் நிறுத்திவைக்க முடியவில்லை?

1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டது. எரிபொருள் போதாமல் அது அன்று மாலை அமிர்தசரஸில் இறங்கியது. கடத்தப்பட்ட விமானம் இந்திய மண்ணில், இந்திய அதிகாரிகளின் கைக்கெட்டும் தூரத்தில் சுமார் 50 நிமிடங்கள் நின்றது. அதன் பிறகு லாகூர், துபாய் வழியாகக் கந்தஹாருக்குப் போன அந்த விமானத்தின் பயணிகளை மீட்க, டிசம்பர் 31 அன்று மூன்று தீவிரவாதிகளைச் சிறையிலிருந்து விடுவிக்க வேண்டிவந்தது.

அந்த 50 நிமிடங்களில் டெல்லியில் நெருக்கடி மேலாண்மைக் குழு கூடிப் பேசிக்கொண்டிருந்தது. விமானத்தை நகரவிடக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எப்படி, யார், யாருடைய ஆணையின் பேரில் என்பது தெளிவாகவில்லை. பஞ்சாப் காவல் துறை டெல்லியின் தெளிவான உத்தரவை எதிர்பார்த்தது. டெல்லி களநிலவரத்தை எதிர்பார்த்தது. தேசிய பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் டெல்லிக்கு அருகில் இருந்தார்கள். அவர்கள் அமிர்தசரஸ் வந்து சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. விமானத்தின் முன்னால் நிறுத்துவதற்காக அனுப்பப்பட்ட எரிபொருள் லாரி வழியிலேயே நின்றுவிட, சந்தேகம் கொண்ட கடத்தல்காரர்கள் எரிபொருள் நிரப்பாமலேயே விமானத்தைக் கிளப்பச் சொன்னார்கள். கேப்டன் தேவி சரண், ஏறத்தாழ வற்றிய எரிபொருள் தொட்டிகளோடு லாகூரில் இறங்க நேர்ந்தது.

அதிகாரிகளின் துணிவின்மைதான் இதற்குக் காரணம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அத்தகைய 50 நிமிடங்களில் முடிவெடுக்கும் அதிகாரம் களத்தில் இருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்படைக்கப்பட்டு, அதை அவர் பலமுறை ஒத்திகை பார்த்தும் இருந்தால், துணிவைப் பற்றிய கேள்விக்கே இடமிருந்திருக்காது.

அதன் பிறகு என்னென்ன மாறின?

விமான நிலையக் காவலை மாநிலக் காவல் துறைகளிடமிருந்து ஒரே மத்தியப் படைக்கு மாற்றியதுதான் உடனடியான மாற்றம். 2000 பிப்ரவரி 3 அன்று ஜெய்ப்பூரில் தொடங்கி, இன்று 65-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களைத் தொழில் பாதுகாப்புப் படை காக்கிறது. விமானங்களில் சாதாரண உடையில் கமாண்டோக்கள் பயணம் செய்யும் ஏற்பாடும் வந்தது. 2005-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கடத்தல் தடுப்புக் கொள்கை, கடத்தப்பட்ட விமானம் இந்திய மண்ணில் இறங்கினால் அதை மீண்டும் பறக்கவிடாமல் தடுப்பதற்கும், ஏவுகணைபோல் அதைப் பயன்படுத்தும் நிலை வந்தால் சுட்டு வீழ்த்துவதற்கும் வழிசெய்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2016-இல் இயற்றப்பட்ட விமானக் கடத்தல் தடுப்புச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பிணையாளியோ பாதுகாப்புப் பணியாளரோ உயிரிழக்கும் கடத்தலுக்கு அது மரண தண்டனையை வகுத்துள்ளது.

ஒத்திகைகளும் நடக்கின்றன. செய்தித்தாளில் ‘விமான நிலையத்தில் கடத்தல் தடுப்பு ஒத்திகை’ என்று ஒரு சிறு படத்தோடு முடிந்துவிடும் அந்த நிகழ்வில், கட்டுப்பாட்டு கோபுரம், தொழில் பாதுகாப்புப் படை, மாநிலக் காவல் துறை, தீயணைப்புப் பிரிவு, மருத்துவக் குழு, விமான நிறுவனம், உளவுப் பிரிவு ஆகிய அனைத்தும் பங்கேற்கின்றன. யார் எத்தனை மணிக்கு யாருக்குத் தகவல் சொன்னார்கள் என்பது குறித்துவைக்கப்படுகிறது. என் பார்வையில், கமாண்டோக்களின் சாகசத்தைவிட அந்த நேரக்குறிப்புதான் ஒத்திகையின் உண்மையான பயன்.

வெடிகுண்டு மிரட்டல் வந்தால் யார் முடிவெடுக்கிறார்கள்?

ஒவ்வொரு விமான நிலையத்திலும் வெடிகுண்டு மிரட்டல் மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. விமான நிலைய நிர்வாகம், பி.சி.ஏ.எஸ்., தொழில் பாதுகாப்புப் படை, மாநிலக் காவல் துறை, உளவுப் பிரிவு, விமானக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், சம்பந்தப்பட்ட விமான நிறுவனம் ஆகியோரின் பிரதிநிதிகள் அதில் இருக்கிறார்கள். மிரட்டல் குறிப்பிட்ட விமானத்தைச் சுட்டுகிறதா, நம்பத்தக்கதா என்று ஆராய்ந்து, அதைக் ‘குறிப்பானது’ அல்லது ‘குறிப்பற்றது’ என்று அந்தக் குழு வகைப்படுத்துகிறது. குறிப்பானது என்று முடிவானால், விமானம் மற்ற விமானங்களிலிருந்து விலகிய தனி இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, பயணிகள் இறக்கப்பட்டு, ஒவ்வொரு இருக்கையும் பெட்டியும் சோதிக்கப்படும்.

2024 அக்டோபரின் பிற்பாதியில், பெரும்பாலும் சமூக ஊடகங்கள் வழியாக, இந்திய விமானங்களுக்கு 500-க்கும் மேற்பட்ட புரளி மிரட்டல்கள் குவிந்தபோது இந்த ஏற்பாடு கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மதுரை மக்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூர் சென்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் குண்டு இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. சிங்கப்பூர் விமானப்படையின் எஃப்-15 போர் விமானங்கள் இரண்டு எழும்பி, பயணிகள் விமானத்தை மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளிலிருந்து விலக்கி, உடன் பறந்து, அன்றிரவு சாங்கி விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கச் செய்தன. தரையில் வான் பாதுகாப்புப் பிரிவும் வெடிகுண்டு அகற்றும் பிரிவும் ஆயத்தமாயின. விமானம் இறங்கியதும் பொறுப்பு விமான நிலையக் காவல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இராணுவத்திடமிருந்து காவல் துறைக்குப் பொறுப்பு எந்தப் புள்ளியில் கைமாறுகிறது என்பது அங்கே முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த மாதத்து அனுபவத்துக்குப் பிறகு, மிரட்டல் விடுத்த கணக்கின் பின்னணியையும் நம்பகத்தன்மையையும் சேர்த்து எடைபோடும் வகையில் மதிப்பீட்டு நடைமுறை திருத்தப்பட்டது. பொய்த் தகவல் பரப்புவோருக்கு ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கும் வகையில் விமானப் பாதுகாப்பு விதிகளும் 2024 டிசம்பரில் திருத்தப்பட்டன.

பயணிகள் பற்றிய தகவல்களைத் துறைகள் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன?

பகிராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001 செப்டம்பர் 11-ஐவிடத் தெளிவான சான்று இல்லை. அந்த நாளில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பறக்கத் தடைப் பட்டியலில் இருந்த தீவிரவாதச் சந்தேக நபர்களின் பெயர்கள் 12. அதே அரசின் வெளியுறவுத் துறை பராமரித்த கண்காணிப்புப் பட்டியலில் சுமார் 60,000 பெயர்கள். கடத்தல்காரர்களில் இருவர் அந்தப் பெரிய பட்டியலில் ஆகஸ்ட் இறுதியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆனால் விமானத்தில் ஏறுபவர்களைச் சோதிக்கும் துறைக்கு அது தெரியாது.

இந்தியாவில் பன்னாட்டுப் பயணிகளின் கடவுச்சீட்டு விவரங்கள் முன்கூட்டியே குடியுரிமைப் பிரிவுக்குச் செல்கின்றன. 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி, முன்பதிவு விவரங்களை விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனங்கள் சுங்கத் துறையின் தேசிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். தேடப்படும் நபர் பற்றி ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் கேட்டுக்கொண்டு வெளியாகும் லுக் அவுட் நோட்டீஸ் நாட்டின் எல்லாக் குடியுரிமைக் கவுன்டர்களின் கணினியிலும் ஏறிவிடுகிறது. சென்னையில் வெளிநாடு செல்ல முயன்றவர் பிடிபட்டு வேறொரு மாவட்டக் காவல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டார் என்று அடிக்கடி வரும் செய்திக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இந்தத் தகவல்கள் நம் ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கை பற்றியவை. எவ்வளவு காலம் வைத்திருப்பது, எந்த அதிகாரி பார்க்கலாம், தவறான பெயர்ப்பொருத்தத்தால் தடுக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது ஆகியவற்றிலும் துறைகள் அதே அளவு கறாராக இருக்க வேண்டும்.

விமான நிலையத்துக்குள் வேலை செய்பவர்களே ஆபத்தாக முடியாதா?

முடியும். 2016 பிப்ரவரி 2 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய டாலோ ஏர்லைன்ஸ் விமானத்தில் குண்டு வெடித்தது. பாதுகாப்புச் சோதனையைக் கடந்துவந்த பயணியின் கையில் விமான நிலையப் பணியாளர்களே மடிக்கணினி ஒன்றைக் கொடுத்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது.

எனவேதான் நம் நாட்டில் பெட்டி சுமப்பவர் முதல் உணவகச் சமையற்காரர் வரை, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் செல்லும் ஒவ்வொருவரும் பி.சி.ஏ.எஸ். வழங்கும் நுழைவு அட்டை பெற வேண்டியிருக்கிறது. அதற்கு அவருடைய ஊர்க் காவல் நிலையம் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். பல்லாவரத்தில் குடியிருக்கும் இளைஞர் ஒருவரின் சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் என்றால், அந்தக் காவல் நிலையத்து ஏட்டு எழுதும் நான்கு வரிகளை நம்பியே பன்னாட்டு முனையத்தின் ஒரு கதவு திறக்கிறது. அந்த ஏட்டுக்குத் தன் வேலையின் எடை தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, அட்டை வழங்கிய பிறகு அதே இளைஞர்மீது வழக்கு ஒன்று பதிவானால் அந்தச் செய்தி தாமதமின்றி விமான நிலையத்துக்குத் திரும்பி வர வேண்டும். முன்னோக்கிச் செல்லும் தகவலுக்குப் படிவம் இருக்கிறது. திரும்பி வரும் தகவலுக்கும் அதே உறுதியான பாதை தேவை.

ட்ரோன்களையும் லேசர் ஒளியையும் யார் கவனிப்பது?

இங்கேதான் மதிலுக்கு வெளியே நிற்கும் மாநிலக் காவல் துறையின் பங்கு மிகப் பெரியது. 2018 டிசம்பரில் லண்டன் காட்விக் விமான நிலையத்தின் அருகே ட்ரோன்கள் தென்பட்டதாக வந்த தகவலால் ஏறத்தாழ 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். இறுதியில் இராணுவத்தின் கருவிகள் வரவழைக்கப்பட்டன. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன் மூலம் வெடிபொருள் வீசப்பட்டது. சென்னையில் இறங்கும் விமானங்களின்மீது பரங்கிமலை, கிண்டிப் பக்கமிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. விமானி அந்த ஒளியைப் பார்த்த நொடியில் கட்டுப்பாட்டு கோபுரத்துக்குச் சொல்கிறார். கோபுரம் காவல் துறைக்குச் சொல்கிறது. அதற்குள் மொட்டை மாடியில் நின்றவர் கீழே இறங்கிவிடுகிறார். எந்தத் தெரு என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தகவல் துல்லியமாகவும் விரைவாகவும் போய்ச் சேர்வதில்தான் பயன் இருக்கிறது.

இந்தப் பாதுகாப்புக்கான செலவை யார் ஏற்கிறார்கள்?

பயணிகளே. உங்கள் பயணச்சீட்டின் விவரத்தில் ஏ.எஸ்.எஃப்., அதாவது விமானப் பாதுகாப்புக் கட்டணம், என்று ஒரு வரி இருக்கும். 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணத்துக்கு ரூ.200, பன்னாட்டுப் பயணத்துக்கு 12 டாலர் என்று அது நிர்ணயிக்கப்பட்டது. முன்பு ஒவ்வொரு விமான நிலையமும் தனித்தனியே வசூலித்த தொகை, 2019 முதல் ஒரே தேசிய அறக்கட்டளைக்குச் செல்கிறது. கூட்டம் குறைந்த சிறு விமான நிலையத்துக்கும் பெரிய நிலையத்துக்கு நிகரான காவல் கிடைக்க இது வழிசெய்கிறது.

பன்னாட்டு அளவில் துறைகளின் ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கும் விதி உண்டா?

உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து பற்றிய 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 17-ஆவது இணைப்பு, 1974 மார்ச்சில் ஏற்கப்பட்டது. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒரே அதிகார அமைப்பைப் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். தேசியப் பாதுகாப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். துறைகளை ஒருங்கிணைக்கத் தேசிய அளவிலும் விமான நிலைய அளவிலும் குழுக்களை அமைக்க வேண்டும் என்று அது கோருகிறது. இந்தியாவுக்கு அந்த அமைப்பு பி.சி.ஏ.எஸ்.

மிரட்டல் வந்த விமானத்தில் நான் இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

பணிக்குழுவினர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். அவர்கள் உங்களிடம் எல்லாவற்றையும் விளக்க முடியாது. அந்த நேரத்தில் மதிப்பீட்டுக் குழுவின் முடிவுக்கு அவர்களும் காத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கச் சொன்னால் கைப்பை பற்றிய அறிவுரையையும் கேட்டு அப்படியே நடந்துகொள்ளுங்கள். வெளியே வந்தபின் உங்கள் பெட்டியை நீங்களே அடையாளம் காட்டச் சொல்லக்கூடும். உரிமை கோரப்படாத பெட்டியைத்தான் வெடிகுண்டு நிபுணர்கள் முதலில் அணுகுவார்கள். நிலையத்துக்குள் எங்காவது கேட்பாரற்ற பை கிடப்பதைக் கண்டால், அதைத் தொடாமல், அருகிலுள்ள தொழில் பாதுகாப்புப் படைக் காவலரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். எந்தத் துறையிடம் சொல்வது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. சீருடையில் இருக்கும் யாரிடம் சொன்னாலும் உரியவரிடம் போய்ச் சேர்ப்பது அவர்களுடைய கடமை.